தொலைந்த ஏடுகள் – 9: மானியில் மூட்டிய தீ

கிரனாடா நகரச் சதுக்கத்தில் அரபு நூல்கள் எரிந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். எரிக்கச் சொன்ன சிஸ்னேரோஸ் பிரான்சிஸ்கன் சபைத் துறவி. மருத்துவ நூல்களை மட்டும் ஒதுக்கியெடுத்து அல்கலாவில் தான் நிறுவிய பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார் என்பதையும் சொல்லியிருந்தேன். அது நடந்து சுமார் அறுபது ஆண்டுகள் கழித்து, அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், அதே சபையைச் சேர்ந்த இன்னொரு துறவி இன்னொரு தீயை மூட்டினார். இந்த முறை எதையும் ஒதுக்கியெடுக்கவில்லை. கிரனாடாவில் எரிந்த பல நூல்களுக்குக் கெய்ரோவிலும் ஃபெஸ்ஸிலும் வேறு படிகள் இருந்தன. இங்கே எரிந்தவற்றுக்கு யுகாத்தான் தீபகற்பத்தைத் தாண்டிப் போய்த் தேடப் படிகள் இல்லை.

இன்றைய மெக்சிகோவின் யுகாத்தான் மாநிலத்தில், மெரிதா நகருக்குத் தெற்கே, மானி என்றொரு சிற்றூர் இருக்கிறது. பெரிய மடம், அதற்கு முன்னால் திறந்த வெளி. 1562 ஜூலை 12 அன்று அந்த வெளியில்தான் அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாயர்களின் ஏடுகள் எரிந்தன. எரித்தவர் பெயர் டியேகோ தே லாண்டா.

லாண்டாவை வெறும் முரடர் என்று ஒதுக்கிவிட முடிந்தால் இந்தக் கதையை அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. 1524இல் ஸ்பெயினில் பிறந்து, 25ஆம் வயதில் யுகாத்தானுக்கு வந்தார். மாயா மொழியைச் சீக்கிரமே கற்றுத் தேர்ந்தார். ஊர் ஊராக நடந்து மக்களோடு பழகினார். குடியேறிய ஸ்பானியர்கள் அந்த மக்களைக் கசக்கிப் பிழிந்தபோது எதிர்த்துப் பேசியவர்களில் அவரும் ஒருவர். என்ன விதைக்கிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள், பிள்ளைக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சொதூதா சீமையின் தலைவர் நாச்சி கோகோம் அவரோடு நெருங்கிப் பழகியவர். தன் பாட்டனாருடைய ஏடு ஒன்றை ஒருநாள் எடுத்துவந்து லாண்டாவுக்குப் பிரித்துக் காட்டினார். அதில் ஒரு மான் வரைந்திருந்தது. இதைவிடப் பெரிய மான்கள் இந்த மண்ணுக்கு வரும் நாளில் நம் தெய்வங்களுக்கான வழிபாடு நின்றுபோகும் என்று பாட்டனார் சொல்லிவைத்தாராம். ஸ்பானியர்கள் மாடுகளைக் கொண்டுவந்து இறக்கியதும் அந்தச் சொல் பலித்துவிட்டது என்றார் கோகோம். இந்தச் சம்பவத்தை நமக்குச் சொல்வதும் லாண்டாதான். வீட்டுக்குள் வைத்திருந்த ஏட்டை அவர் முன்னால் நம்பிப் பிரித்திருக்கிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1562 மே மாதம் மானிக்கு அருகில் ஒரு குகையில் சிலைகளும் மண்டையோடுகளும் சிறுவர்கள் கண்ணில் பட்டன. ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. அதன் தலைவர்களான சியூ வம்சத்தார் ஸ்பானியர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே துணை நின்றவர்கள். அங்கேயே பழைய வழிபாடு ரகசியமாக நடக்கிறது என்று தெரிந்ததும் லாண்டாவுக்குத் தாங்கவில்லை. அப்போது யுகாத்தானுக்கு ஆயர் வந்து சேரவில்லை. சபையின் மாகாணத் தலைவர் என்ற முறையில் விசாரணை அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டார். சந்தேகத்துக்கு ஆளானவர்களைக் கையைக் கட்டிக் கயிற்றில் தூக்கி, காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சில மாதங்களில் 4,500க்கும் மேற்பட்டவர்கள் சித்திரவதைக்கு ஆளானார்கள். அதில் 158 பேர் இறந்தார்கள் என்று பின்னால் நடந்த அரசு விசாரணை கணக்கெடுத்தது. செத்துப் புதைந்தவர்களையும் விடவில்லை. தோண்டியெடுத்து எலும்புகளை எரித்தார்கள்.

சிலைகள், எலும்புகள், ஏடுகள் எல்லாம் ஒரே தீயில் போயின. எத்தனை ஏடுகள்? 27 என்ற எண்ணைப் பல புத்தகங்களில் பார்க்கலாம். பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட கணக்கு அது. லாண்டா பின்னாளில் தன் நூலில் எழுதிவைத்தது இவ்வளவுதான்: ஏராளமான ஏடுகள் கிடைத்தன, பேயின் பொய்யும் மூடநம்பிக்கையும் தவிர அவற்றில் வேறெதுவும் இல்லாததால் அனைத்தையும் எரித்தோம், அதற்காக அந்த மக்கள் அளவுகடந்து வருந்தினார்கள். அவர்கள் வருந்தியது அவருக்கு வியப்பாகக்கூட இருந்திருக்கிறது.

அவற்றில் வேறெதுவும் இல்லை என்பது அப்பட்டமான பொய். சாட்சி வேறு யாருமில்லை, அவரேதான். மாயப் பூசாரிகள் தங்கள் பிள்ளைகளுக்கு என்னென்ன கற்பித்தார்கள் என்று அதே நூலில் பட்டியல் போடுகிறார்: ஆண்டு, மாதம், நாள் கணக்கு, திருவிழாக்கள், வருங்காலக் குறி, நோய்க்கு மருந்து, பழைய கால வரலாறு, எழுதப் படிக்கும் முறை. ஏடு எப்படி இருக்கும் என்பதையும் நுணுக்கமாக விவரிக்கிறார். மரத்திலிருந்து எடுத்த நாரால் நீண்ட தாள் செய்து, அதன்மேல் வெள்ளையாகப் பளபளக்கும் பூச்சுப் பூசி, மடக்கி மடக்கி அடுக்கி, அழகுபடுத்திய இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைப்பார்களாம். காட்டு அத்திமரப் பட்டையை இடித்துச் செய்த தாள், சுண்ணாம்புப் பூச்சு என்று இன்றைய ஆய்வுக்கூடங்கள் சொல்வதும் அதைத்தான். ஆக, தெரியாமல் செய்த காரியம் இல்லை. மருத்துவம் இருப்பதும் வரலாறு இருப்பதும் தெரிந்தே செய்தது. சிஸ்னேரோஸ் காட்டிய அற்ப தயவுகூட இங்கே இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் யுகாத்தானின் முதல் ஆயர் பிரான்சிஸ்கோ தோரால் வந்திறங்கினார். அவரும் பிரான்சிஸ்கன்தான். நடந்ததைக் கேட்டுத் திகைத்து விசாரணைகளை நிறுத்தினார்; சிறையில் கிடந்தவர்களை விடுவித்தார். லாண்டா தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஸ்பெயினுக்குப் போக வேண்டியதாயிற்று. வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. அந்தக் காலத்தில்தான், 1566ஐ ஒட்டி, ‘யுகாத்தான் விவரங்களின் வரலாறு’ என்று நாம் சொல்லக்கூடிய நூலை எழுதினார். மேலே நான் சொன்னதில் பாதிக்கு மேல் அதிலிருந்து வந்தவை. வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். விடுதலை. தோரால் இறந்த பிறகு அவர் இருந்த ஆயர் பதவியே லாண்டாவுக்குக் கிடைத்தது. 1573இல் யுகாத்தானுக்குத் திரும்பி, 1579இல் மெரிதாவில் இறந்தார்.

எரிப்பது தவறு என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. ஹோசே தே அகோஸ்தா என்ற இயேசு சபைத் துறவி 1590இல் வெளியிட்ட நூலில் யுகாத்தான் ஏடுகளைப் பற்றிக் குறிப்பிடுகிறார். எல்லாமே சூனியம் என்று எண்ணி ஒரு போதகர் எரித்துவிட்டார், பின்னால் அந்த மக்கள் மட்டுமல்ல, விஷயம் தெரிந்த ஸ்பானியர்களும் வருந்தினார்கள் என்கிறார். பெயர் சொல்லாமல் சொல்கிறார். அந்தக் காலத்து ஆள், அதே மதத்தின் துறவி. ஆகவே காலத்தின் மீது பழிபோடுவது செல்லாது.

அந்த ஏடுகளில் என்ன இருந்திருக்கும்? தப்பிய ஒன்றைத் திறந்து பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர நூலகத்தில் இருக்கிறது அது. 39 இதழ்கள், முழுவதும் விரித்தால் மூன்றரை மீட்டர் நீளம். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் உயரம், உள்ளங்கை அகலம். அதில் சில பக்கங்கள் முழுக்க வெள்ளி கிரகத்துக்கானவை. வெள்ளி 236 நாள் விடிவெள்ளியாகத் தெரியும், 90 நாள் மறையும், 250 நாள் மாலையில் தெரியும், மறுபடி 8 நாள் மறையும் என்று புள்ளிகளும் கோடுகளுமாக எண்கள். மொத்தம் 584 நாள். இன்றைய வானியல் சொல்லும் சராசரி 583.92. இப்படி ஐந்து சுற்று போனால் 2,920 நாள். அது சரியாக 365 நாள் கொண்ட எட்டு வருஷம். அதை 13ஆல் பெருக்கி 104 வருஷத்துக்கு அட்டவணை போட்டு, அந்தச் சின்னஞ்சிறு பிசகு சேர்ந்து வளரும்போது எங்கே எத்தனை நாளைக் கழிக்க வேண்டும் என்பதற்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். கிரகணங்களுக்குத் தனி அட்டவணை: 405 சந்திர மாதங்கள், 11,960 நாட்கள். தொலைநோக்கி இல்லாதவர்கள் எழுதியது. ஒரு தலைமுறை பார்த்துக் குறித்ததை அடுத்த தலைமுறை வாங்கித் திருத்தியிருந்தால்தான் இப்படி ஒரு கணக்கு நிற்கும். அந்தத் தொடர் ஏட்டைத்தான் நாம் இழந்தோம்.

இந்த டிரெஸ்டன் ஏடு ஐரோப்பாவுக்கு எப்படிப் போனது என்பதற்குப் பதிவு இல்லை. 1739இல் டிரெஸ்டன் அரச நூலகத்தின் பொறுப்பாளர் கோட்சே வியன்னா போயிருந்தபோது ஒரு தனியாளிடம் அதைப் பார்த்தார். என்னவென்று யாருக்கும் தெரியாத பொருள் என்பதால் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். கணக்குகளை அவிழ்த்ததும் அதே நூலகத்தில் வேலை பார்த்தவர்தான்: எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன். 1880இல் அவர் அந்த ஏட்டின் படங்களை அச்சிட்டு வெளியிட்டார். அது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்பது 1945 பிப்ரவரியில் தெரிந்தது. டிரெஸ்டன் மீது குண்டு விழுந்தபோது நிலவறையில் இருந்த ஏடு தண்ணீரில் நனைந்து பல பக்கங்கள் கெட்டுப்போயின. இன்று மூலத்தில் அழிந்துவிட்ட இடங்களை ஃபோர்ஸ்டெமன் படங்களை வைத்துத்தான் படிக்கிறார்கள்.

தப்பியவை மொத்தமே நான்கு. இரண்டாவது, பாரிஸ் நூலகத்தில் அடுப்பங்கரை மூலையில் கிடந்த பழைய காகிதக் கூடையிலிருந்து 1859இல் லெயோன் தெ ரோனி கண்டெடுத்தது. மூன்றாவது மத்ரித் ஏடு. இரண்டு துண்டாகி இரண்டு பேரிடம் இரண்டு நூல்களாக இருந்தது, இரண்டும் ஒன்றே என்று 1880இல் கண்டுபிடித்தவரும் அதே ரோனிதான். நான்காவதை 1960களில் சியாபாஸ் பகுதியில் ஏதோ குகையிலிருந்து திருடர்கள் எடுத்து விற்றார்கள். 1971இல் நியூயார்க்கில் அதைக் காட்சிக்கு வைத்தபோது, போலி என்று ஆய்வாளர்கள் பாதிப்பேர் சொன்னார்கள். மெக்சிகோ அரசு நிறுவனம் முறையாகச் சோதித்து, அசல்தான் என்று 2018இல் அறிவித்தது. பத்தே பக்கம் சொச்சம் மிஞ்சிய அந்த ஏடுதான் நான்கிலும் பழையது. 11, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

ஏடு மிஞ்சினாலும் அதைப் படிக்க ஆள் வேண்டுமே. எழுதக் கற்ற பூசாரிக் குடும்பங்களின் பிள்ளைகளை மடத்துப் பள்ளிகளில் சேர்த்து லத்தீன் எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். கையில் பழைய ஏடு இருந்தாலே உயிருக்கு ஆபத்து என்றான பிறகு யார் படியெடுப்பார்கள்? தீயைவிடப் பெரிய நாசத்தைச் செய்தது இதுதான் என்பது என் கணிப்பு. ஈரமான அந்த மண்ணில் தாள் நெடுங்காலம் தாங்காது. பூசாரிகளை அவர்களுடைய ஏடுகளோடு புதைப்பது வழக்கம். அகழாய்வில் அந்தக் கல்லறைகளைத் திறக்கிறபோது நார் மக்கி, சுண்ணாம்புப் பூச்சு மட்டும் வண்ணத் துணுக்குகளாகக் கட்டிதட்டிக் கிடக்கிறது. அதை இதுவரை பிரித்துப் படிக்க வழியில்லை. பேத்தேன் இத்சா ஏரித் தீவில் இருந்த கடைசி மாய அரசின் தலைநகரான நோக்பெத்தேனில் 1696இல்கூட ஏடுகள் புழங்கின. அங்கே போய்ப் பேசிய ஆவெந்தாஞோ என்ற துறவி அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 1697 மார்ச் 13 அன்று ஸ்பானியப் படை அந்தத் தீவைப் பிடித்தது. அதோடு அவையும் போயின.

இனி லாண்டா நூலுக்கே வருவோம். அதன் மூலப்பிரதியும் தொலைந்துவிட்டது. பிறர் சுருக்கி எடுத்த ஒரு படி மட்டும் மத்ரித் வரலாற்றுக் கழகத்தில் கிடந்ததை 1862இல் பிராஸர் தெ பூர்பூர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கண்டெடுத்தார். அதில் ஒரு பக்கத்தில் மாயர்களின் ‘அரிச்சுவடி’ இருந்தது. ஆ, பே, சே என்று ஸ்பானிய எழுத்துக்கு நேராக ஒவ்வொரு மாயக் குறி. சாவி கிடைத்துவிட்டது என்று குதித்த பிராஸர் அதை வைத்து மத்ரித் ஏட்டைப் படிக்கத் தொடங்கி, கடலுக்குள் மூழ்கிய கண்டத்தின் கதையைக் ‘கண்டுபிடித்தார்’. படித்ததே தலைகீழ் வரிசையில். இந்த மாதிரிக் கூத்துகளைப் பார்த்து வெறுத்துப்போன ஃபிலிப் வாலன்டினி, அரிச்சுவடியே ஸ்பானியர் கட்டிய பொய் என்று 1880இல் எழுதினார்.

பொய்யல்ல, கேள்வி பிழை. மாயர்களின் எழுத்து தனி ஒலிக்கான எழுத்து அல்ல. சொல்லைக் குறிக்கும் குறிகளும் அசையைக் குறிக்கும் குறிகளும் கலந்தது. லாண்டாவோ தன் எழுத்து வரிசையைத்தான் உலகமெல்லாம் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, ‘பே’ எழுது என்றார். மாயா மொழியில் பே என்றால் பாதை. எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தர் ஒரு காலடித் தடத்தை வரைந்தார். கண்ணி என்று பொருள்படும் ‘லே’ என்ற சொல்லை எழுதச் சொன்னபோது இன்னும் வேடிக்கை. லாண்டா ஸ்பானியப் பள்ளிக்கூட வழக்கப்படி எழுத்துக்கூட்டி, கடைசியில் சொல்லையும் சேர்த்துச் சொன்னார். எழுத்தர் காதில் விழுந்ததை விழுந்தபடி எ, லே, எ, லே என்று நான்கு குறியாக எழுதினார். ‘கல்’ எழுதச் சொல்லி ஒருவர் ‘கே, ஏ, எல்’ என்று ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினால் நம் பிள்ளை ‘கேஏஎல்’ என்று எழுதிக் காட்டுமே, அந்தக் கதைதான். இவர்கள் எழுதும் முறை ரொம்பச் சுற்றிவளைப்பு என்று லாண்டா குறைபட்டுக்கொண்டார். கடைசியாக ஒரு முழு வாக்கியம் எடுத்துக்காட்டாக இருக்கிறது: ‘மா இன் காத்தி’. எனக்கு விருப்பமில்லை என்று பொருள். அந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தது யாராயிருந்தாலும் பொருத்தமாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

எழுத்தர் செய்த இந்த ‘தவறு’களில் தவறே இல்லை என்று புரிந்துகொள்ள 1952 வரை ஆயிற்று. லெனின்கிராடில் இருந்த யூரி குனோரோசவ் என்ற முப்பது வயது ஆய்வாளர், அதுவரை மாய நாட்டில் காலே வைக்காதவர், அந்தக் குறிகள் அசைகள் என்று ஒரு கட்டுரையில் வாதிட்டார். உயிர்மெய்யில் எழுதிப் பழகிய நமக்கு அது எளிதில் புரியும். ஏட்டில் வான்கோழிப் படத்துக்கு மேல் இரண்டு குறிகள். முதலாவது லாண்டா நூலில் ‘கு’. மாயா மொழியில் வான்கோழி ‘குட்ஸ்’. அப்படியானால் இரண்டாவது ‘ட்ஸு’ ஆக இருக்க வேண்டும். கடைசி உயிர் எழுத்தில் மட்டும் நிற்கும், வாயில் வராது. சரி, நாய் படத்துக்கு மேல் பார்த்தால் அதே ‘ட்ஸு’, பக்கத்தில் லாண்டா நூலின் ‘லு’. ‘ட்ஸுல்’ என்றால் நாய். இரண்டு விலங்குகளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிவிட்டன.

மேற்குலகில் இந்தத் துறையை ஆண்டுகொண்டிருந்த எரிக் தாம்ப்சன் இதை ஏற்கவில்லை. பனிப்போர்க் காலம், சோவியத் கட்டுரை என்றாலே பிரசாரம். தாம்ப்சன் 1975இல் இறக்கும்வரை மறுத்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். இன்று கல்வெட்டுகளிலும் ஏடுகளிலும் உள்ளவற்றில் பெரும்பகுதியைப் படிக்க முடிகிறது. எரியும் பெர்லின் நூலகத்திலிருந்து குனோரோசவ் மாய ஏட்டுப் பதிப்பைக் காப்பாற்றி வந்தார் என்றொரு கதை உலவுகிறது. அது கட்டுக்கதை என்று அவரே பின்னாளில் மறுத்தார். கதை அவ்வளவு நன்றாக இருப்பதால் இன்னும் சாகவில்லை.

எரித்தவரே காப்பாற்றியும் கொடுத்தார் என்று லாண்டாவைப் பற்றி எழுதுகிறவர்கள் ரசித்து எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லாண்டா கேட்டதெல்லாம் தப்பான கேள்வி. பதில் சரியாக இருந்தது எதிரே உட்கார்ந்து தூரிகை பிடித்தவரால். அவருக்கு எரிந்தவற்றைப் படிக்கத் தெரிந்திருந்தது. அவர் பெயரை லாண்டா குறிக்கவில்லை. பாராட்டு என்று ஒன்று உண்டென்றால் அந்தப் பெயரில்லாதவருக்குத்தான் சேரும்.

மாய மொழிகளை இன்று ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள். 1980களின் இறுதியில் லிண்டா ஷீலியும் நிகோலாய் குரூபேயும் குவாத்தமாலாவில் அவர்களுக்கே அவர்களுடைய பழைய எழுத்தைக் கற்பிக்கும் பட்டறைகளைத் தொடங்கினார்கள். இப்போது அங்கே மாயர்களே மாயர்களுக்குக் கற்பிக்கிறார்கள்.

அடுத்த இதழில் மாயர்களின் தொல்கதை நூலான ‘போப்போல் வூ’. அதன் மூல ஏடும் தொலைந்துவிட்டது. குவாத்தமாலா மலையூர் ஒன்றில் பங்குச் சாமியாராக இருந்த ஃபிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் 1700களின் தொடக்கத்தில் ஒரு படியெடுத்தார். அந்தப் படி இப்போது சிகாகோவில் இருக்கிறது.

(தொடரும்)